செயின் தொங்கட்டும்

அத்தியாயம் 5

"என் மகனைக் கொன்னது என் மருமகள்தாங்க. அதுக்கு ஆதாரம் வேணும். அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன்" என்றார் ஓய்வுபெற்ற தபால்காரர்.

அந்த நேரம் பார்த்து நான் உட்கார்ந்திருந்த நாற்காலி முனகியது. மேடம் என்னை முறைத்தார். எங்கே போனாலும் கிடைத்த இடத்தில் தொப்பென்று உட்கார்ந்துவிடுவது என் பழக்கம். "இந்தப் பழக்கம் ஒருநாள் பெரிய வம்புல போய் முடியும்" என்று அவர் சொல்லாத நாளில்லை. என் உடம்பைப் பார்த்து ஊரார் வைத்த பெயர் மூட்டை. மேடம் முன்பு ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்காக விபத்தில் நொறுங்கிய வண்டிகளைச் சோதித்தவர். இப்போது தனியாகத் துப்பறிகிறார். நான் அவருக்கு டிரைவர், எடுபிடி, தேவையில்லாத நேரத்தில் வாய்.

சுவரில் மகனின் படம். முழங்கால் வரை சேறு, கக்கத்தில் ஹெல்மெட், முகம் நிறையச் சிரிப்பு. கீழே அப்பா சிரிப்பே அறியாதவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"போன மாசம் கல்குவாரியில, மண்ணு மேட்டுல பந்தயம் ஓட்டுற டர்ட் பைக்கை ஓட்டிப் பழகப் போனான். மேட்டுல இருந்து வண்டியோட பறந்து இறங்கும்போது செயின் அறுந்துடுச்சு. அறுந்த செயின் முன்னாடி போய்ச் சுருண்டு பின்சக்கரத்தையே பூட்டிடுச்சு. தூக்கி எறிஞ்சுது. அவ்வளவுதான்" என்றார்.

"போலீஸ் விபத்துன்னு முடிச்சுட்டாங்களே?" என்றார் மேடம்.

"அவங்களுக்கு என்ன தெரியும்? அந்த டர்ட் பைக்கை முழுக்கக் கவனிச்சது என் மருமகள். அவளே மெக்கானிக். செயின் எப்பவும் தொளதொளன்னு தொங்கிட்டுக் கிடக்கும். புருஷன் உசுரு அதுல தொங்குதேன்னு ஒரு பயம் வேண்டாமா?"

"தொங்கவிட்டா அது அலட்சியம். நீங்க கொலைன்னு சொல்றீங்களே?"

தபால்காரர் படத்தின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "வெறும் அலட்சியம் இல்லம்மா. அதுக்கு மேல ஏதோ பண்ணியிருக்கா. எனக்குத் தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"தெரியும்."

"நீங்க அந்த வண்டியைத் தொட்டதுண்டா?"

"அந்தச் சனியனை வாங்கிட்டு வந்த அன்னைக்கே சொல்லிட்டேன், என் கை அது மேல படாதுன்னு. அதுல இருந்து எனக்கும் அவனுக்கும் பேச்சுவார்த்தையே இல்ல." அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "அவளை வீட்டை விட்டு அனுப்பிட்டேன். நாளைக்குப் போலீஸ்ல புகார் எழுதிக் குடுக்கப் போறேன். அதுக்குள்ள ஒரு ஆதாரம் குடுங்க."

கிளம்பும்போது மேடம் முற்றத்தில் அந்த வண்டி வழக்கமாக நிற்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பினால், தபால்காரர் என் மோட்டார் சைக்கிள் பக்கத்தில் மண்டியிட்டு, கட்டைவிரலால் செயினை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"தம்பி, செயின் இப்படித் தொங்குது, எப்படித்தான் ஓட்டுறீங்க?"

நான் பதில் யோசிப்பதற்குள் தோள்பையிலிருந்து ஒரு திருகு ஸ்பேனரை எடுத்துவிட்டார். எந்த நட்டுக்கும் ஏற்ற மாதிரி வாயை அகட்டிக் குறுக்கிக்கொள்ளும் ரகம். பிடியில் பழைய டியூப் ரப்பர் சுற்றியிருந்தது. இந்தப் பக்கம் ஒரு திருகு, அந்தப் பக்கம் ஒரு திருகு. அப்புறம் ஒரு சின்ன டப்பாவைத் திறந்து சிவப்புக் கிரீஸை விரலில் எடுத்துச் செயின் முழுக்கத் தடவினார், காயத்துக்கு மருந்து போடுகிற மாதிரி.

"காலம் பூரா மோட்டார் சைக்கிள்லதான் தபால் கொண்டு போனேன். கிளம்புறதுக்கு முன்னாடி கட்டைவிரலால ஒரு அமுக்கு. அது போதும். வண்டி உங்களைக் கைவிடாது."

"இனிமே என்னை இழுக்க வண்டிக்குக் கொஞ்சம் தெம்பு வரும் ஐயா" என்றேன். சிரிக்க வந்தவர் சிரிக்காமலே உள்ளே போய்விட்டார்.

*

மருமகளின் பட்டறை தகரக் கொட்டகை. சுவரில் ஸ்பேனர்கள் அளவு வாரியாகத் தொங்கின. ஒவ்வொன்றின் பின்னாலும் அதன் உருவத்தையே கோடாக வரைந்திருந்ததால், எது காணாமல் போனாலும் வெற்றுக் கோடு காட்டிக்கொடுத்துவிடும். மூலையில் டயர் குவியலுக்குப் பக்கத்தில் சுருட்டிய பாயும் ஒரு தலையணையும். ராத்திரி தூங்குவதும் இங்கேதான் போலிருக்கிறது.

"மாமா அனுப்பினாரா?" என்றாள்.

"ஆமா."

"ஒழுங்கா சாப்பிடுறாரா?"

எனக்குச் சுருக்கென்றது. கொலைகாரி என்று சொல்லி வீட்டை விட்டு அனுப்பியவரைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி அது. "உங்களைத் திட்டுற அளவுக்குத் தெம்பா இருக்கார்" என்றேன். அவள் தலையாட்டினாள். அவளுக்கு அதுவே போதும்போல இருந்தது.

தார்ப்பாயை விலக்கினாள். நசுங்கிய ஹாண்டில் பார், ஒடிந்த மட்கார்டு. அவள் மட்டும் அதைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தாள்.

மேடம் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். "மூட்டை, மண்ணுல ஓடுற வண்டிக்கு வர்ற வியாதி கொஞ்சம்தான். எல்லாம் நமக்கு வர்றதுதான். மூச்சுல ஆரம்பிப்போம்."

ஏர் ஃபில்டரைக் கழற்றினார். புழுதியில் ஓடும் வண்டிக்கு முதலில் அடைப்பது அதுதான். அடைத்தால் எஞ்சின் திணறும், பாதி மேட்டில் நின்றுவிடும். இந்த ஃபில்டரின் பஞ்சு துவைத்து, எண்ணெய் ஊறவைத்து, பிழிந்து மாட்டியது. எஞ்சின் ஆயில் பால் நிறத்துக்கு மாறவில்லை, எனவே உள்ளே தண்ணீர் போகவில்லை. சக்கரக் கம்பிகளை ஸ்பேனரால் தட்டிக்கொண்டே வந்தார். எல்லாம் ஒரே சத்தம், ஒன்றுகூடத் தளரவில்லை. பிரேக் கட்டைகள் புதுசு. பேரிங்கில் ஆட்டம் இல்லை.

"குழந்தையைக் கவனிக்கிற மாதிரி கவனிச்சிருக்கே" என்றார் மேடம்.

"என்னையே இவங்ககிட்ட சர்வீசுக்கு விடலாம் மேடம்."

"உனக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்காது. அந்தத் துணியை எடு."

பின்சக்கரத்தின் அச்சில், செயினை இறுக்கவும் தளர்த்தவும் பயன்படும் நட்டைத் துடைத்தார். மஞ்சள் பெயின்டில் ஒரு மெல்லிய கோடு தெரிந்தது. நட்டின் மேல் பாதி, பக்கத்து இரும்பின் மேல் பாதி. இரண்டும் ஒரே நேராக இல்லை.

"இது நீ போட்ட கோடுதானே? நட்டு நகர்ந்தா தெரியணும்னு."

"ஆமா" என்றாள் மருமகள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"நகர்ந்திருக்கு. நட்டோட மூலையெல்லாம் வேற சிதைஞ்சிருக்கு. அளவு சரியில்லாத ஸ்பேனரைப் போட்டு மல்லுக்கட்டினா இப்படித்தான் ஆகும். உன் சுவத்துல அப்படி ஒண்ணுகூட இல்ல."

"அப்போ யாரோ கை வெச்சிருக்காங்க! போட்டிக்காரன் மேடம். பந்தயத்துல ஜெயிக்க முடியாத எவனோ ஒருத்தன் சுவர் ஏறிக் குதிச்சு..."

"இரு. மறுபக்கத்துக் கோட்டைப் பாரு. அதுவும் நகர்ந்திருக்கு. அதே அளவு. கொல்ல வந்தவன் ஒரு பக்கத்தைத் திருகிட்டு ஓடிடுவான். இவன் சக்கரம் கோணக் கூடாதுன்னு ரெண்டு பக்கத்தையும் சமமா வெச்சிருக்கான். அப்புறம் இதைப் பாரு." அறுந்த செயினின் ஒரு முனையைத் தூக்கிக் காட்டினார். மண் அப்பிக் கிடந்தது. நகத்தால் சுரண்டினால் உள்ளே பிசுபிசுவென்று ஏதோ. "கிரீஸ் வேற தடவியிருக்கான். மண்ணுல ஓடுற வண்டிக்குக் கிரீஸ் போட மாட்டாங்க, புழுதி அப்பிக்கும். அது தெரியாம, ஆனா அக்கறையாத் தடவியிருக்கான். எந்தக் கொலைகாரன்டா போகும்போது கிரீஸ் தடவிட்டுப் போவான்?"

"கைரேகை வழுக்கி விழட்டும்னு..."

"மூட்டை."

"வாயை மூடிக்கிட்டேன் மேடம்."

"இன்னொண்ணு. கோடு நகர்ந்த திசையைப் பாரு, அவன் செயினைத் தளர்த்தலை. இறுக்கியிருக்கான்."

"இறுக்கினா நல்லதுதானே?"

"ரோட்டுல ஓட்டுற எல்லாரும் அப்படித்தான் நினைப்பாங்க." பக்கத்தில் அதே ஜாதி வண்டி இன்னொன்று நின்றது. மருமகளுடையது. அதன் செயினும் தொளதொளவென்று தொங்கியது. "அது மேல உட்காரு. வாழ்க்கையில முதல் தடவையா நானே சொல்றேன்."

உட்கார்ந்தேன். வண்டியின் பின்பக்கம் பெருமூச்சு விட்டுக்கொண்டு அமுங்கியது.

"இப்பக் குனிஞ்சு செயினைப் பாரு."

பார்த்தேன். தொங்கிய செயின் கம்பி மாதிரி விறைத்திருந்தது.

"இதோட பின்சக்கரம் மத்த வண்டி மாதிரி இல்ல, ரொம்பத் தூரம் மேல ஏறும், கீழ இறங்கும். மேட்டுல இருந்து குதிச்சு இறங்கும்போது சக்கரம் மேல ஏறினா செயின் இழுபடும். அந்த இழுப்புக்கு இடம் வேணும்னுதான் நிக்கும்போது தொங்கவிடுறது. நிக்கும்போதே ஒருத்தன் இறுக்கிட்டான்னா, குதிக்கும்போது இழுக்க மிச்சம் ஏது? அறுந்துடும்."

ஆக, அவள் தொங்கவிட்டது அலட்சியம் இல்லை. அதுதான் அவன் உயிருக்கு அவள் போட்டு வைத்த காவல்.

"அப்போ இது கொலையே இல்ல மேடம். இந்த வண்டியைப் பத்தித் தெரியாத யாரோ, நல்லது பண்றோம்னு நினைச்சு, செயினை இறுக்கி, கிரீஸ் தடவி..." சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் நின்றுவிட்டேன்.

மேடம் ஏற்கெனவே வெளியே போய்க்கொண்டிருந்தார். என் மோட்டார் சைக்கிள் பக்கத்தில் உட்கார்ந்து துணியால் துடைத்தார். செயினில் சிவப்புக் கிரீஸ். நட்டின் மூலைகளில் புதிய கடிவாய்கள். இரண்டு பக்கமும் அளவெடுத்த மாதிரி சமம்.

காலையில் அதைத் தடவிய விரல் என் கண்ணுக்குள்ளேயே நின்றது.

*

உள்ளே அவள் தார்ப்பாயின் நுனியைப் பிடித்தபடியே நின்றிருந்தாள்.

"உனக்குத் தெரியும்" என்றார் மேடம்.

"அன்னைக்கே தெரியும் மேடம். அந்தக் கிரீஸ் வாசனை எங்க வீட்டு வாசல்ல எப்பவும் இருக்கும்."

"தெரிஞ்சுமா கொலைகாரின்னு பேர் வாங்கிட்டு இங்க வந்து படுத்திருக்கே?"

"அவருக்கு மிச்சம் இருக்கிறது என் மேல இருக்கிற கோபம் மட்டும்தான் மேடம். அந்தக் கோபத்துலதான் காலையில எந்திரிக்கிறார், நடக்கிறார். அதையும் பிடுங்கிட்டு உண்மையைக் கையில குடுத்தா, மனுஷன் அன்னைக்கே போயிடுவார்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கண்டுபிடிக்க முடியலைன்னு சொல்லிடுங்க. புகார் குடுத்தா குடுக்கட்டும். நான் பார்த்துக்கிறேன்."

"நான் இதுவரைக்கும் பொய் ரிப்போர்ட் குடுத்ததில்ல."

"உங்களுக்கு அப்பா இருக்காரா மேடம்?"

வாசலில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வந்து நின்ற சத்தம் கேட்டது. நாங்கள் திரும்பி வரும்வரை காத்திருக்கப் பொறுக்காமல் தபால்காரரே வந்துவிட்டார்.

உள்ளே வந்தவர் மருமகள் பக்கம் திரும்பவே இல்லை. "தெரிஞ்சுதாம்மா?" என்றார் மேடத்திடம்.

மேடம் கையைத் துணியில் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார். "தெரிஞ்சுது. செயின்லயே பழுது. செஞ்சு வரும்போதே உள்ளுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்திருக்கு. யார் தப்பும் இல்ல."

மேடம் பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நன்றாகவே சொன்னார். நான் சும்மா இருக்க முடியாமல் பின்னால் நகர்ந்து, கிடைத்த இடத்தில் உட்கார்ந்தேன்.

"அப்போ இவ?"

"இந்தப் பொண்ணு மேல ஒரு தூசு அளவுகூடத் தப்பு இல்ல."

தபால்காரர் அப்போதுதான் மருமகளைப் பார்த்தார். அந்த மெலிந்த முகத்தை, மூலையில் கிடந்த பாயை, மறுபடியும் முகத்தை.

"தப்பா நினைச்சுட்டேம்மா. அதுக்கு ஒரு காரணம் இருக்கு. யார்கிட்டயும் சொல்லலை." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அன்னைக்கு விடியக்காலைல நீங்க எந்திரிக்கிறதுக்கு முன்னாடி, நான்தான் அவன் வண்டிச் செயினை இறுக்கி கிரீஸ் போட்டு வெச்சேன். தொடமாட்டேன்னு சொன்ன வாய்தான். ஆனா அவன் அதுலதானே போறான், மனசு கேட்கலை. நான் சரி பண்ணி வெச்சதுக்கு அப்புறமும் அறுந்துதுன்னா, பின்னாடி நீ ஏதோ கை வெச்சிருக்கேன்னு நினைச்சுட்டேன். என்னை மன்னிச்சிடு. வீட்டுக்கு வா."

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு தலையாட்டினாள். சரி, ஒருவழியாக முடிந்தது என்று நான் மூச்சு விட்டேன். சில பொய்களுக்கு இந்த உலகத்தில் இடம் இருக்கத்தான் வேண்டும் என்றுகூட நினைத்தேன்.

வருத்தம் தெரிவிக்க அவருக்கு வேறு வழி தெரியவில்லை போலும். மருமகளின் வண்டிப் பக்கம் வந்து, முட்டி மடக்கி உட்கார்ந்து, வழக்கம்போலக் கட்டைவிரலால் செயினை அமுக்கினார். "பரவாயில்லையே. இதையாவது நல்லா இறுக்கமா வெச்சிருக்கே" என்றார்.

"மூட்டை!" என்றார் மேடம்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் உட்கார்ந்திருந்தது அந்த வண்டியின் மேல்தான். எழுந்திருக்காதே என்றுதான் அவர் கத்தியிருக்கிறார்; நானோ வழக்கமான திட்டு என்று நினைத்து அலறிப் புடைத்து எழுந்துவிட்டேன்.

வண்டி மேலே எழும்பியது. அவர் கட்டைவிரலுக்குக் கீழே செயின் தளர்ந்து தொங்கியது.

அவர் விரலை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் செயினையே பார்த்தார். பிறகு எழுந்து சீட்டின் மேல் ஒரு கையை ஊன்றி, தன் பாரம் முழுவதையும் போட்டு அமுக்கினார். செயின் விறைத்தது. விட்டார். தொங்கியது. திரும்ப அமுக்கினார். ஆயுசு முழுக்கச் செயினோடு பழகிய கை அது. யாரும் அதற்குப் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை.

"அவன் வண்டியும் இப்படித்தானா?"

மேடம் என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். பொய் சொல்லச் சொல்லிக் கெஞ்சியவளுக்கே பொய் வரவில்லை.

"ஆமா மாமா" என்றாள்.

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அழவில்லை. பையிலிருந்து அந்தத் திருகு ஸ்பேனரை எடுத்துப் பார்த்தார். ஏதோ அருவருப்பான ஜந்துவைத் தொட்டுவிட்ட மாதிரி தூர எறிந்தார். அது தகரத்தில் மோதி விழுந்த சத்தம் பட்டறை முழுக்கக் கேட்டது.

மருமகள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மாமா, நான் சொல்றதைக் கேளுங்க. அவருக்குத் தெரியும்."

அவர் நிமிர்ந்தார். மேடமும் நிமிர்ந்தார். இது எங்களுக்கும் புதுசு.

"குவாரியில வண்டியை இறக்கின உடனே எனக்குப் போன் பண்ணினார். 'அப்பா என் செயினுக்குக் கிரீஸ் போட்டிருக்கார்டி'ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சார். பாதிச் சிரிப்புல அழுதுட்டார். நான் சொன்னேன், அது இறுக்கம், தளர்த்திட்டு ஓட்டுங்கன்னு. 'தெரியும், சாயங்காலம் வந்து அவர் பார்க்காதப்போ தளர்த்திக்கிறேன். தொடவே மாட்டேன்னு சொன்ன மனுஷன் தொட்டிருக்கார். இன்னைக்கு ஒரு நாள் அவர் இறுக்கினபடியே ஓட்டுறேன், குதிக்கல்லாம் மாட்டேன்'னார்." அவள் அவர் பக்கம் இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள். "சந்தோஷத்துல மறந்துட்டார் மாமா. மேட்டைப் பார்த்ததும் குதிச்சுட்டார். நானும் இன்னொரு தடவை அழுத்திச் சொல்லியிருக்கலாம். சொல்லலை. அதனாலதான் நீங்க திட்டினப்போ வாயைத் திறக்கலை."

தபால்காரர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "சிரிச்சானா?" என்றார். "நல்லாக் கேட்டியா? சிரிச்சானா?"

"சிரிச்சார் மாமா."

அப்புறம்தான் அவர் அழுதார். பெரிய மனிதர் ஒருவர் குழந்தை மாதிரி விக்கி விக்கி அழுவதைப் பார்ப்பது கொடுமை. நான் ஒரு டயரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அழுகை ஓய்ந்ததும் மருமகள் எழுந்துபோய் ஸ்பேனரைத் தேடி எடுத்தாள். தன் துணியில் துடைத்தாள். திரும்பி வந்து அவர் கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள்.

"இது உங்ககிட்டயே இருக்கட்டும் மாமா. உங்க வண்டிக்கு வேணும்ல."

நாங்கள் சொல்லிக்கொள்ளாமல் வெளியே வந்தோம். அந்த வழக்குக்கு மேடம் ரிப்போர்ட் எழுதவில்லை.

திரும்பும்போது மேடம் பின்னால் உட்கார்ந்திருந்தார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். வழக்கமாக ஊரையே எழுப்புகிற என் வண்டி, அன்றைக்குச் செயின் சத்தமே இல்லாமல் அவ்வளவு சுகமாக ஓடியது. அவர் இறுக்கிய செயின். ரோட்டுக்கு அது சரியாகத்தான் இருந்தது.